கப்பற் பட்டியலும் கர்ணத்தின் ஏடும்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பிரதேசத்துக் கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் ரயில் பாதைகளிலும் உழைப்பதற்காக, 1860 முதல் 1911 வரையிலான அரை நூற்றாண்டுக் காலத்தில், ஐந்து வருஷ ஒப்பந்தத்தின் பேரில் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் 1,52,184 பேர் என்றும், அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்கள் என்றும் சரித்திர ஆசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களுடைய பேரர்களின் பேரர்கள் இன்று டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் ஆசிரியர்களாகவும் வைத்தியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் வாழ்கிறார்கள். தமிழ் மொழி பலருடைய நாவிலிருந்து நழுவிவிட்ட போதிலும், தைப்பூசக் காவடியும் மாரியம்மன் திருவிழாவும் அவர்களிடத்தில் இன்னும் இருக்கின்றன. இவர்களில் ஒரு சிலர், ஒரே ஒரு வரி எழுதப்பட்ட காகிதத்தின் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு, தங்கள் முன்னோர் பிறந்த கிராமத்தைக் கண்டுவிட வேண்டும் என்ற தீராத ஆவலோடு தமிழ்நாட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நாம் செய்யவேண்டிய கடமை ஒன்று இருக்கிறது என்பதும், அதை இதுவரையில் நாம் சரிவரச் செய்யவில்லை என்பதுமே என்னுடைய அபிப்பிராயம்.

அந்த ஒரு வரி கப்பற் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்த ‘ட்ரூரோ’ என்னும் கப்பலில் சென்ற 342 பேரில் தொடங்கி, கடைசிக் கப்பல் வரையில், கரையிறங்கிய ஒவ்வொருவருக்கும் நேட்டால் அரசாங்கம் ஓர் எண்ணை வழங்கி, அந்த எண்ணுக்கு எதிரே அவருடைய பெயர், தகப்பனார் பெயர், வயது, ஆணா பெண்ணா என்பது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள மச்சமும் தழும்பும் ஆகியவற்றை வரிசையாகக் குறித்து வைத்தது. கூலியாள் ஓடிப்போனால் பிடித்துக் கொண்டுவருவதற்கும், ஒப்பந்தக் காலம் முடிந்ததா இல்லையா என்று கணக்குப் பார்ப்பதற்கும் ஏற்பட்ட ஏடு அது. அம்மனிதருடைய சந்ததியார் என்றைக்காவது தேடி வருவார்கள் என்ற நினைவு அதை எழுதியவர்களுக்கு இருந்திருக்க நியாயமில்லை. ஆயினும், இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு என்றோ, வலது புருவத்தில் வெட்டுக்காயம் என்றோ எழுதப்பட்டிருக்கும் குறிப்பைப் படிக்கும்போது, புகைப்படமோ கையெழுத்தோ எதுவும் விட்டுச் செல்லாத ஒரு மனிதரின் உடம்பு நம் கண்முன்னே வந்து நின்றுவிடுகிறது. ஓலைச் சுவடியிலும் கல்வெட்டிலும் இடம்பெறாத ஏழைக் குடியானவர்களையும் பண்ணையாட்களையும் பற்றி இவ்வளவு நெருக்கமான விவரத்தைத் தரும் வேறு ஏட்டை நான் அறியேன்.

முன்பு இருந்த டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்து இப்பட்டியல்களைப் பிரதி செய்து, கணினியில் தேடுவதற்கு ஏற்ற முறையில் ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். அந்தப் பேருழைப்பின் பயனாக, ஒரு மணி நேரத்தில் ஒருவர் தம்முடைய பாட்டனாரின் பாட்டனாரைக் கண்டுபிடித்துவிடக்கூடும், அவருடைய எண் மட்டும் குடும்பத்தில் நினைவிருந்தால். எண் இல்லாவிட்டாலோ சங்கடம் பெரிது. தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாக்கள் முனுசாமியைப் பலவிதமாகவும் கோவிந்தனைப் பலவிதமாகவும் எழுதினார்கள். பின்னர், பரம்பரைப் பெயர் என்ற வழக்கமில்லாத நம்மவரிடத்தில் அது வேண்டுமென்று அந்நாட்டு அலுவலகங்கள் கேட்டபோது, சிலருக்குத் தகப்பன் பெயரும், சிலருக்குச் சாதிப் பட்டமும், சிலருக்குத் தங்கள் இயற்பெயரே கூடவும் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டன. ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பியர் இரண்டு குடும்பப் பெயர்களோடு வாழ்ந்து மறைந்ததும் உண்டு. ஆகையால், இன்று நாயக்கர் என்றோ பிள்ளை என்றோ பெயர் தாங்கிய ஒருவர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பட்டியலில் தேடினால் பெரும்பாலும் வழி தவறிப்போவார். குடும்பத்தில் யாரோ ஒருவருடைய பழைய விவாகப் பத்திரத்திலோ மரணப் பதிவிலோ அந்த எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே முதற்காரியமாகும்.

பெண்களைத் தேடுவது இதனினும் கடினம். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் வீதம் அனுப்ப வேண்டும் என்று விதித்திருந்தார்கள். கணவனோடு சென்றவள் கணவனுடைய எண்ணுக்கு அடுத்த எண்ணில் நிற்பாள். தனியே சென்றவளுக்கு அந்த ஆதாரமும் இல்லை. விதவைகளும், கணவனால் கைவிடப்பட்டவர்களும், பஞ்சத்தில் குடும்பம் முழுவதையும் இழந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். 1876 முதல் 1878 வரையில் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷத்துப் பஞ்சத்தின் காலத்திலும் அதற்குப் பின்னரும் சென்ற கப்பல்களின் பட்டியலில், கைக்குழந்தையோடு தனியே சென்ற தாய்மாரின் வரிகளைக் காணும்போது, அவர்கள் எந்த நிலையில் கப்பலேறுமுன் ஆட்களைத் தங்கவைக்கும் துறைமுகத்து டிப்போவை வந்தடைந்தார்கள் என்பதை எந்தப் பத்தியிலும் எழுதவில்லை என்றாலும் ஒருவாறு ஊகிக்க முடிகிறது. தம் குடும்ப வரலாற்றைத் தேடுகிறவர்கள் பாட்டனாரோடு நின்றுவிடாமல் இப்பாட்டிமாரையும் தேட வேண்டும். அந்நாட்டில் வேரூன்றி ஒரு சமூகம் எழுந்ததற்கு அவர்களே முதற்காரணர்.

ஒரு வரியைக் கண்டுபிடித்ததோடு தேடல் முடிந்துவிட்டதாக எண்ணுகிறவர்கள் உண்டு. உண்மையில் அங்கேதான் அது தொடங்குகிறது. நேட்டாலில் இந்தியக் குடியேற்றக்காரர்களின் பாதுகாவலர் என்று ஓர் உத்தியோகஸ்தர் இருந்தார். அவருடைய காரியாலயத்துக்கு வந்த புகார்கள், மனுக்கள், விசாரணைக் குறிப்புகள், விவாகப் பதிவுகள், இறந்தவரின் கூலிப் பாக்கி யாருக்குச் சேரவேண்டும் என்ற கடிதப் போக்குவரத்துகள் ஆகியவை தென்னாப்பிரிக்க ஆவணக் களரிகளில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. 1894ஆம் வருஷத்தில், எஜமானன் அடித்ததால் பல் உடைந்து, வாயில் இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியடிகளிடம் வந்து நின்ற பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலியாளின் சம்பவத்தைக் காந்தியடிகளுடைய சத்திய சோதனையால் நாம் அறிவோம். பாலசுந்தரத்தை வேறோர் எஜமானரிடம் மாற்றுவதற்குக் காந்தியடிகள் அணுகியது இந்தப் பாதுகாவலரைத்தான். பாலசுந்தரத்துக்குக் காந்தியடிகள் கிடைத்தார். கிடைக்காத எத்தனையோ பேருடைய வாக்குமூலங்கள் அந்தக் கட்டுகளில் இன்னும் இருக்கின்றன. அஷ்வின் தேசாயும் கூலம் வாஹிதும் அவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கும் பெரிய நூல், பட்டியலில் எண்ணாக நின்றவர்கள் கோபித்தும் காதலித்தும் வழக்காடியும் வாழ்ந்த மனிதர்கள் என்பதை நிரூபித்துவிட்டது.

முதல் ஒப்பந்தக்காரர்களில் சிலர் 1871இல் சென்னைக்குத் திரும்பி வந்து, தங்களுக்கு வாக்களித்தது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று இங்குள்ள அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். அந்த முறையீட்டின் விளைவாக 1872இல் நேட்டாலில் ஒரு விசாரணைக் கமிஷன் ஏற்பட்டது. ஏற்கெனவே 1866இல் நின்றுபோயிருந்த ஆள் அனுப்பும் வேலை 1874 வரையில் மறுபடி தொடங்கவில்லை. எழுத்தறியாத சில நூறு பேர் துணிந்து வாய்திறந்ததால் இரண்டு அரசாங்கங்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று என்பது நம் பள்ளிப் புத்தகங்களில் இடம்பெறத் தகுந்த செய்தியாகும். ஒப்பந்தம் முடிந்த பின் அங்கேயே தங்க விரும்பியவர்கள் மீது 1895ஆம் வருஷத்துச் சட்டம் மூன்று பவுன் வருஷ வரியைச் சுமத்தியது. 1913இல் நடந்த மகத்தான வேலை நிறுத்தத்துக்குப் பிறகு 1914இல் அது ஒழிந்தது. அவ்வரியைக் கட்டாததற்காக ஒருவர் மீது வழக்குத் தொடரப்பட்டிருந்தால், அந்த வழக்கு ஏட்டில் அவருடைய எண், இருப்பிடம், தொழில், குடும்பம் எல்லாம் வந்திருக்கும். அடக்குமுறைக்காக எழுதப்பட்ட காகிதமே சந்ததியாருக்குச் சாட்சியாக மிஞ்சுகிறது.

1913ஆம் வருஷத்து அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, நோயுற்று, 1914 பிப்ரவரியில் பதினாறாம் வயதில் உயிர்நீத்த வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். பெற்றோருடைய ஊராகிய தில்லையாடி அவருடைய பெயரோடு சேர்ந்து சரித்திரத்தில் நிலைபெற்றுவிட்டது. அத்தகைய கீர்த்தி வாய்க்காத பிறருடைய ஊர்ப் பெயர்களுக்கோ, கப்பற் பட்டியலின் ஒரு பத்தியைத் தவிர வேறு புகலிடமில்லை.

அந்தப் பத்தியில் எழுதியிருக்கும் ஊரைத் தேடி இங்கே வருகிறவருக்கு என்ன நேருகிறது என்று பார்ப்போம். வட ஆற்காடு ஜில்லா என்று அவருடைய காகிதத்தில் இருக்கிறது. அந்தப் பெயரில் இப்போது ஜில்லாவே இல்லை. 1911இல் அதிலிருந்து சில தாலுகாக்களைப் பிரித்துச் சித்தூர் ஜில்லாவை உண்டாக்கினார்கள். எனவே அவர் தேடும் கிராமம் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம். எஞ்சிய பகுதி பின்னர் வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்துவிட்டது. தென் ஆற்காடும் அவ்வாறே கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று ஆகிவிட்டது. கிராமத்தின் பெயரோ குமாஸ்தாவின் காதுக்கு எட்டிய வண்ணம் எழுதப்பட்டது. ஒரே தாலுகாவில் ஒரே பெயருடைய இரண்டு மூன்று ஊர்கள் இருப்பதும் நம் நாட்டில் சாதாரணம். வந்தவருக்குத் தமிழ் தெரியாது. கையில் அவகாசமும் அதிகமில்லை. யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கு அவருக்கு விடை சொல்லும் இடம் நம்மிடத்தில் இல்லை.

ஆனால் விடை தரக்கூடிய ஏடுகள் நம்மிடத்தில் இருக்கின்றன என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நில அளவையின்போது தயாரித்த செட்டில்மென்ட் ரிஜிஸ்தரில் ஒவ்வொரு புலத்துக்கும் பட்டாதாரரின் பெயர் இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கிரயப் பத்திரங்களும் அடமானப் பத்திரங்களும் பதிவாகியிருக்கின்றன. இன்ன ஜில்லா இன்ன தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் இன்னாருடைய குமாரர் இன்னார் என்று தொடங்கி, நான்கெல்லையிலுள்ள பக்கத்து நிலக்காரர்களின் பெயர் வரையில் சொல்லிக்கொண்டு போகும் அப்பத்திரங்களைப் போலக் குடும்ப சரித்திரத்துக்கு உதவக்கூடியவை வேறு உண்டோ? கடல் கடப்பதற்கு முந்திய வருஷம் ஒருவர் தம்முடைய அரை ஏக்கர் புஞ்சையை அடமானம் வைத்திருந்தால், அவர் ஏன் போனார் என்ற கேள்விக்கு அந்தக் காகிதம் பாதி விடை சொல்லிவிடும். பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899இல் சென்னை மாகாணச் சட்டம் ஏற்பட்டது. அந்த ஏடுகளில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இராது, இன்னாருக்கு ஆண் குழந்தை என்ற அளவில் நின்றுவிடும், எனினும் பயன்படும். கிறிஸ்தவர்களானால் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடுகள் மிகப் பழங்காலத்துக்குக் கூட்டிச் செல்லும்; தரங்கம்பாடியில் அவை 1707ஆம் வருஷத்திலேயே தொடங்குகின்றன.

நிலமே இல்லாதவருடைய சந்ததியாருக்கு இந்த ஏடுகளால் என்ன பிரயோசனம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நேட்டாலுக்குச் சென்றவர்களில் பறையர் முதலிய ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர். பட்டா ஏட்டில் அவர்களுக்கு இடமில்லை. செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமன்ஹியர் பறையரின் நிலை பற்றி 1891இல் எழுதிய அறிக்கையைப் படித்தால், தனி மனிதரின் பெயர் கிடைக்காவிட்டாலும், அவர் எத்தகைய கிராமத்திலிருந்து, எத்தகைய கட்டுக்களிலிருந்து வெளியேறினார் என்பது விளங்கும். சாதிப் பத்தியையும் இங்கே எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். டிப்போவில் தம் சாதியை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. கடல் தாண்டியபின் பெயரையும் பட்டத்தையும் மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. பிறந்த ஊரின் இழிவைத் துறைமுகத்திலேயே இறக்கி வைத்துவிட்டுப் போனவர்களுடைய அந்தத் தீர்மானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அவர்களுடைய சந்ததியார் ஐந்து தலைமுறை கழித்து ஊரைத் தேடி வரும்போது, ஊரா, காலனியா, எந்தத் தெரு என்று முதற்கேள்வியாகக் கேட்டு, வரவேற்பதா வேண்டாமா என்று அதற்கேற்பத் தீர்மானிக்கிற மனப்பான்மை நம்மிடத்தில் இருக்குமானால், ஏடுகளைத் திறந்து வைத்து என்ன பயன்? வருகிறவருக்கு அந்தக் கேள்வியைச் சந்திக்க நேரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பதும் உதவி செய்கிறவரின் கடமை.

இந்த ஏடுகள் அனைத்தும் எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன? சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909 முதல் பழைய அரசாங்க நடவடிக்கைகளைப் பாதுகாத்து வருகிறது. அது நாட்டின் பெருஞ்செல்வம். ஆனால் கிராம ஏடுகளின் கதை வேறு. தலைமுறை தலைமுறையாகக் கிராமக் கணக்கராகிய கர்ணமும் கிராம முன்சீபும் தம் வீட்டிலேயே கணக்குகளை வைத்திருந்த முறை 1980இல் ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அந்த மாற்றம் அவசியமானது, நியாயமானது. ஆயினும் பழைய வீடுகளின் பரண்களில் கிடந்த சுவடிகளையும் அடங்கல்களையும் ஊருக்கு ஊர் திரட்டிப் பத்திரப்படுத்துவதில் உரிய கவனம் செலுத்தப்படவில்லை. கறையான் தின்றது போக எஞ்சியவை தாலுகா அலுவலகங்களின் பதிவறைகளில் மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றின் அட்டவணை எவரிடத்திலும் இல்லை.

ஏடு இல்லாமற் போனால் மனிதருக்கு என்ன கதி நேரும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் கங்காணிமாரால் அழைத்துச் செல்லப்பட்ட நம் மக்களுக்கு, நேட்டாலில் எழுதியது போன்ற ஆளுக்கொரு வரி எழுதப்படவில்லை. தோட்டத்தின் செக்ரோல் என்னும் ஆள் பதிவேட்டில் பெயர் இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் ஒன்றைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள், அதில் தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் உண்டு, மனிதரின் பெயர் இல்லை. 1948ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம், தகப்பனார் இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது பாட்டனாரும் பூட்டனாரும் அங்கே பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்று கேட்டபோது, லயக் காம்பிராக்கள் என்னும் வரிசை வீட்டு அறைகளில் மூன்று தலைமுறையாகப் பிறந்து வளர்ந்தவர்களிடம் காட்டுவதற்குக் காகிதம் இல்லை. லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியாரும் செய்துகொண்ட ஒப்பந்தம், இவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அவ்வாறு வந்து நீலகிரியிலும் பிற ஜில்லாக்களிலும் குடியமர்ந்தவர்களின் பிள்ளைகளும் தங்கள் பாட்டனார் புறப்பட்ட ஊரைத் தேடுகிறார்கள். அவர்களிடம் கப்பற் பட்டியலின் ஒரு வரி கூட இல்லை. இக்கரையிலுள்ள ஏடுகளே அவர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி.

குடும்ப சரித்திரம் வெறும் ஆவலைப் பொறுத்த விஷயமாகவும் இப்போது இல்லை. சூரினாமிலுள்ள இந்திய வம்சாவளியினரில் ஆறாம் தலைமுறை வரையிலும், மொரீஷியஸில் ஏழாம் தலைமுறை வரையிலும் கடல்கடந்த இந்தியக் குடிமகன் என்ற அந்தஸ்தைப் பெறலாம் என்று இந்திய அரசாங்கம் முறையே 2023இலும் 2024இலும் அறிவித்தது. மொரீஷியஸில் மோக்கா நகரத்து மகாத்மா காந்தி நிலையம் பழைய குடியேற்ற ஆவணங்களை, அவற்றோடு சேர்ந்த புகைப்படங்கள் உட்பட, காத்துவைத்து, கேட்கிறவர்களுக்குப் பூர்வீகத்தைத் தேடித் தருகிறது. நம்மைவிடச் சிறிய நாடுகள் இதைச் செய்கின்றன.

தமிழ்நாட்டு அரசாங்கம் செய்யவேண்டியது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. பழைய ஜில்லா, தாலுகா, கிராமப் பெயர்களை, பட்டியல்களில் அவை எழுதப்பட்டிருக்கும் பலவகை உருவங்களோடு, இன்றைய வட்டங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் பொருத்திக் காட்டும் ஓர் ஊர்ப் பெயர் அகராதியை முதலில் வெளியிட வேண்டும். சரித்திரம் பயிலும் மாணவர்களையும் ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்களையும் கொண்டு இரண்டு மூன்று வருஷத்தில் இதை முடித்துவிடலாம். பழைய ஊர்ப் பெயர்கள் நினைவிலுள்ள அந்த ஊழியர்கள் இருக்கும்போதே இதைத் தொடங்குவது நலம். 1950க்கு முற்பட்ட கிராமப் பதிவேடுகளையும் சார்பதிவாளர் அலுவலகப் பத்திரப் புத்தகங்களையும், சென்னைக்கு மூட்டை கட்டி அனுப்பாமல், அந்தந்த ஜில்லாவிலேயே புகைப்படமெடுத்து, பெயர் அட்டவணையோடு எழும்பூர்க் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். காப்பகத்தில் நுழைவதற்கான நடைமுறை, பட்டம் பெறுவதற்காக ஆராய்கிறவரை மனத்தில் கொண்டு அமைந்தது. பாட்டியின் ஊரைத் தேடுகிறவரும் அதே மரியாதையோடு உட்கார்ந்து படிக்க இடம் வேண்டும். ஜில்லாக் கலெக்டர் காரியாலயம் ஒவ்வொன்றிலும், வெளிநாட்டிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வரும் இத்தகைய விசாரணைக் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பொறுப்பை ஒரு குறிப்பிட்ட அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். கிராமம் அகப்படாவிட்டால் அதையும் அவர் எழுத்து மூலமாகத் தெரிவித்து, எந்தெந்த ஏடுகளைப் பார்த்தார், எவை அழிந்துபோயின, எவை வேறு ஜில்லாவுக்கு மாற்றப்பட்டன என்ற விவரத்தையும் சேர்த்துவிடுவாரானால், அடுத்துத் தேடுகிறவர் அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.